துருவுக்குள் ஒரு பிரேக் டிரம்

1930களில் ஓடிய கார் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு வருடமாக அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு வாசகர். அவர் கேட்டிருப்பது இது: “காயலான் கடையில் என் வண்டிக்குப் பொருந்துகிற பிரேக் டிரம் ஒன்று கிடைத்தது. வார்ப்பிரும்பு. ஆனால் இரும்பே கண்ணில் படாத அளவுக்குத் துரு. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி பேட்டரி சார்ஜரை மாட்டினால் துரு திரும்ப இரும்பாகிவிடும் என்கிறார் நண்பர். நம்பலாமா?”

நண்பர் சொன்ன வேலை நடக்கும். அவர் சொன்ன காரணம்தான் பெரும்பாலும் தப்பு. போன இரும்பு போனதுதான். உள்ளே நடப்பது என்னவோ அதைவிட ருசியான விஷயம்.

இவ்வளவு துருப்பிடித்ததை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று தோன்றலாம். ஃபோர்டு மாடல் டி மாதிரியான வண்டி என்றால் கவலையில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. அதற்குப் பல பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சில நூறு மட்டுமே தயாரான காருக்கு அச்சும் இருக்காது, வரைபடமும் இருக்காது. கையில் கிடைத்த அந்தத் துருப்பிடித்த துண்டேதான் வரைபடம். அதனால்தான் கிரைண்டரில் தேய்ப்பதும் அமிலத்தில் ஊறப்போடுவதும் ஆபத்து. துரு எது, நல்ல இரும்பு எது என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாது. மின்சாரத்துக்குத் தெரியும்.

ஏற்பாடு பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்ததுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். டிரம்மை எதிர்மின் கம்பியில் மாட்டவேண்டும். வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்மின் கம்பியில் மாட்டித் தள்ளி நிறுத்தவேண்டும். இரண்டும் தொடக்கூடாது. கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டால் தகடு பிழைக்கும், டிரம் கரையும். ஆகவே இரண்டு முறை பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். டிரம்மிலிருந்து நுரை நுரையாகக் குமிழ்கள் கிளம்பும். மறுநாள் வெளியே எடுத்தால் செம்பழுப்பு காணாமல் போய், கறுப்புச் சேறு பூசினாற்போல இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்தால் அது வழிந்து வந்துவிடும்.

சரி, அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

மேலே தெரியும் செம்பழுப்புத் துருவில் இரும்பு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் மூன்றும் கலந்திருக்கின்றன. அதிலுள்ள ஒவ்வொரு இரும்பு அணுவும் மூன்று எலக்ட்ரான்களைப் பறிகொடுத்தது. இந்தத் துரு மின்சாரத்தைக் கிட்டத்தட்டக் கடத்தவே கடத்தாது. அப்படியானால் சார்ஜர் அனுப்பும் எலக்ட்ரான் அதற்குள் எப்படி நுழையும்? ரொம்ப நாள் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

நுழையவேண்டிய அவசியமில்லை, ஓரத்தில் தொட்டால் போதும். இரும்பும் துருவும் உரசிக்கொண்டிருக்கும் எல்லையில், சோடா நீர் ஊறிய இடத்தில், ஒரு எலக்ட்ரான் துருவின் பக்கம் ஏறுகிறது. மூன்று இரும்பு அணுக்களுக்கு ஒரு எலக்ட்ரான் கிடைத்தாலே அந்த இடம் மேக்னடைட்டாக மாறிவிடும். காந்தக்கல் என்று நாம் படித்தோமே, அதே கனிமம்தான். நிறம் கறுப்பு. அதில் இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பும் மூன்று இழந்த இரும்பும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு இழந்தது பக்கத்திலிருக்கும் மூன்று இழந்ததற்கு ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? இது மூன்று இழந்ததாகிவிடும், அது இரண்டு இழந்ததாகிவிடும். மொத்தக் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. கொடுப்பதில் நஷ்டமே இல்லாததால் எலக்ட்ரான் ஒரு அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போய்க்கொண்டே இருக்கும். ஹீமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடைவிட மேக்னடைட் பல லட்சம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவது இதனால்தான்.

இப்போது பாருங்கள். முதல் அடுக்கு மேக்னடைட் ஆனதும் அதுவே அடுத்த அடுக்குக்கு மின்கம்பி ஆகிவிடுகிறது. அடுத்தது மாறியதும் அதற்கடுத்ததற்கு. மின்சாரம் தான் போகவேண்டிய பாதையைத் தானே போட்டுக்கொண்டு, உள்ளிருந்து வெளியே வருகிறது. நாம் மேலிருந்து கீழே சுரண்டிக்கொண்டிருக்கிறோம். அது அடியிலிருந்து கழற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதே அளவு இரும்பு, துருவாக இருக்கையில் அடைக்கும் இடத்தைவிட மேக்னடைட்டாக இருக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான இடத்தையே அடைக்கிறது. அதனால் பொருக்கு சுருங்குகிறது, வெடிக்கிறது, பிடி விடுகிறது. நீர் பிரிந்து வரும் ஹைட்ரஜன் குமிழ்கள் அந்த வெடிப்புகளுக்குள் புகுந்து நெம்பிவிடுகின்றன. கொஞ்சம் துரு உண்மையான இரும்பாகவும் குறையலாம்தான். ஆனால் அது தூளாகச் சேற்றோடு போகுமே தவிர, பழைய பள்ளத்தில் போய் உட்காராது. நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

துரு வளர்வதிலும் இதே வினைதான் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் வாழ்நாள் முழுக்க அரிமானத்தையே ஆராய்ந்த யூ. ஆர். எவன்ஸ் இதை விளக்கினார். மழையில் நனைந்த துரு, அடியிலுள்ள நல்ல இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி மேக்னடைட்டாகிறது. வெயிலில் காய்ந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மறுபடி செந்துருவாக்குகிறது. அடுத்த மழைக்கு மறுபடி பிடுங்கல். துரு இருக்கும் இடத்தில் மேலும் துரு பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொட்டியில் நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: துரு கேட்கும் எலக்ட்ரானை இரும்பிடமிருந்து பிடுங்கவிடாமல் சார்ஜரிடமிருந்து கொடுத்துவிடுகிறோம்.

மேக்னடைட்டின் இந்தத் தாவலைப் பற்றி ஒரு வார்த்தை. 1939இல் ஃபெர்வே என்ற டச்சு விஞ்ஞானி, சுமார் மைனஸ் 150 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்தால் மேக்னடைட்டின் கடத்துதிறன் சட்டென நூறு மடங்கு போலச் சரிவதைக் காட்டினார். அங்கே எலக்ட்ரான்கள் எப்படி வரிசைகட்டி நிற்கின்றன என்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் விவாதம் நடந்தது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் நின்றுபோயிருக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் ஐந்து வருடத்தில் என்ன விற்பீர்கள் என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதேயில்லை.

கணக்குப் பிரியர்களுக்கு: 1834இல் ஃபாரடே வெளியிட்ட மின்பகுப்பு விதிகளை வைத்துப் பார்த்தால், 5 ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 50 கிராம் துருவை மேக்னடைட்டாக மாற்றப் போதுமானது. நிஜத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன் குமிழாகவே வீணாகிறது, அதனால்தான் ஒரு ராத்திரி பிடிக்கிறது. அந்த ஹைட்ரஜன் எரியும், வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல் செய்யுங்கள். கம்பியை மாட்டுவதும் கழற்றுவதும் சார்ஜரை நிறுத்திய பிறகே.

அப்புறம், எதையெல்லாம் தொட்டியில் போடக்கூடாது? நான் கற்றுக்கொண்டது ஒரு கார்புரேட்டர் மூடியைப் பலிகொடுத்து. வெள்ளையாக மின்னிய அதை இரும்பு என்று நினைத்தது என் அவசரம். சோடாவின் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துவிடும். காலையில் எடுத்தபோது மூடி சல்லடையாக இருந்தது. போடுமுன் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாததைப் போடாதீர்கள். நேர்மின் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வேண்டாம், அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் கிளம்பும்.

ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட், ஸ்டியரிங் பாகங்கள் இவற்றையும் தள்ளிவையுங்கள். ஹைட்ரஜன் அணு எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கவைக்கும் என்பது 1875இலேயே தெரிந்துவிட்டது. கடினமான எஃகுக்குத்தான் ஆபத்து அதிகம், பளபளப்பாக வெளியே வந்த ஸ்பிரிங் ஒரு வாரம் கழித்து உடையலாம்.

இந்த விஞ்ஞானத்தைக் காட்டியே ஒரு நவீன மூடநம்பிக்கையும் விற்பனையாகிறது. காருக்குள் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் வண்டி முழுக்கத் துருப்பிடிக்காதாம். கப்பலின் அடிப்பாகத்தை மின்சாரத்தால் காப்பது உண்மை. அங்கே கடல்நீர் சுற்றுவட்டத்தை முடித்துவைக்கிறது. ரோட்டில் நிற்கும் காரைச் சுற்றியிருப்பது காற்று. சுற்று முடியவில்லை என்றால் மின்சாரம் எங்கே போகும்? பள்ளிப் பாடத்தையே ஏமாற்று வேலைக்குப் பயன்படுத்துவதைப் பார்க்கையில் தாயத்து விற்கிறவரே மேல் என்று தோன்றுகிறது.

வாசகரின் டிரம்முக்கு வருவோம். வெளியே எடுத்தவுடன் கழுவி, உடனே சூடுகாட்டி உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். சுத்தமான ஈர இரும்பு கண்முன்னாலேயே மறுபடி சிவக்கத் தொடங்கும். துருவுக்கு அடியிலிருந்து வார்ப்பு எண் தெரிந்தால் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று சரிபாருங்கள். உள்விட்டத்தை நாலைந்து இடங்களில் அளந்து, தேய்மான வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஒரு கம்பியில் தொங்கவிட்டு சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஓசை நீண்டு கேட்டால் பட்டறைக்குக் கொண்டுபோய் முறையாகச் சோதிக்கலாம். ‘டொக்’ என்று நின்றுபோனால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதை அளவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தில் மாட்டாதீர்கள்.