"பெயரை மட்டும்தான் கொடுத்தேன்" என்று இனி யாரும் வர வேண்டாம்

கடந்த மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இளைஞர், தொழில் திணைக்களம் அனுப்பிய கடிதத்தோடு புதுக்கடையிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் பிறமொழித் தொலைக்காட்சி ஒன்றுக்காக இங்கே பதிவுசெய்யப்பட்ட கம்பனியில் அவர் ஒரு பணிப்பாளர். பங்குகளில் பாதிக்கு மேல் அவர் பெயரில் இருந்தன. ஆனால் அவற்றுக்காக அவர் ஒரு ரூபாயும் போடவில்லை. மாதந்தோறும் ஒரு தொகை வந்தது, காட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். இப்போது முதலீட்டாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. ஊழியர்களுக்குச் சம்பளமும் இல்லை, சேமலாப நிதியும் கட்டப்படவில்லை. "சேர், நான் பெயரை மட்டும்தான் கொடுத்தேன்" என்றார். ஒளிபரப்புக் கம்பனிகளின் ஆவணங்களைப் பார்த்துவரும் சட்டத்தரணியாகிய நான் இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக இதே வாக்கியத்தைக் கேட்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படி வருகிறவர்களுக்கு நான் ரெனே அன்செல்மோவின் கதையைச் சொல்வதுண்டு. 1926 இல் அமெரிக்காவின் மெட்ஃபோர்டில் பிறந்த அவர், இளவயதில் மெக்சிக்கோவுக்குச் சென்று, அந்நாட்டின் ஒளிபரப்புப் பெருமுதலாளியான எமிலியோ அஸ்காராகாவிடம் பணிபுரிந்தார். ஸ்பானிய மொழிக்கென அமெரிக்காவில் ஒரு வலையமைப்பை நிறுவும் பொறுப்பு 1960களின் தொடக்கத்தில் அவர் கைக்கு வந்தது. சான் அன்டோனியோவில் 41ஆம் அலைவரிசை, லொஸ் ஏஞ்சலிஸில் 34ஆம் அலைவரிசை என்று தொடங்கினார்கள். இரண்டுமே யு.எச்.எஃப். அலைவரிசைகள், அன்றைய பெரும்பாலான தொலைக்காட்சிப் பெட்டிகளில் அவை தெரியவே தெரியாது. பார்க்க விரும்பியவர் தனியாக ஒரு கருவி வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. எல்லா அலைவரிசைகளையும் ஏற்கும் பெட்டிகளையே தயாரிக்க வேண்டும் என்று 1962 இல் இயற்றப்பட்ட சட்டம், 1964 இல்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தனை தடைகளுக்கிடையிலும் அந்த வலையமைப்பு வளர்ந்தது. 1976 இல் தன் நிலையங்களைச் செய்மதி வழியாக இணைத்து, அமெரிக்காவின் ஆங்கில வலையமைப்புகளையே முந்திக்கொண்டது. பிறமொழிப் பார்வையாளர்களை விளம்பரதாரர் ஏறெடுத்தும் பாராத காலத்தில் இதைச் செய்துகாட்டிய அன்செல்மோவை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

ஆனால் நிலையங்கள் கடைசியில் கைவிட்டுப் போயின. பார்வையாளர் குறைந்ததால் அல்ல. ஆவணத்தில் எழுதியிருந்ததும் நடைமுறையில் நடந்ததும் வேறு வேறாக இருந்ததால். அமெரிக்கச் சட்டப்படி, ஒளிபரப்பு அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் கம்பனியில் வெளிநாட்டவர் நேரடியாக 20 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்க முடியாது. அஸ்காராகா அந்த எல்லையைத் தாண்டவில்லை. மீதிப் பங்குகள் அமெரிக்கக் குடிமக்களின் பெயரிலேயே இருந்தன, அன்செல்மோவும் அமெரிக்கரே. இருந்தும், நிகழ்ச்சிகளும் பணமும் உறவுகளும் மெக்சிக்கோவையே சுற்றி நின்றன. பங்காளர் ஒருவர் தொடுத்த வழக்கும் போட்டியாளர்களின் முறைப்பாடும் சேர்ந்து இழுபட்டு, நிலையங்கள் உண்மையில் வெளிநாட்டவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்கின்றன என்றும் அனுமதிப்பத்திரங்களைப் புதுப்பிக்கக்கூடாது என்றும் 1986 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. நிலையங்கள் 30 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டன. வலையமைப்பு அடுத்த ஆண்டு யுனிவிசன் என்று பெயர் மாறியது.

இங்கேதான் என் பொறுமை சோதிக்கப்படுகிறது. பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர் பெயரில் இருந்தால் சட்டம் திருப்தியடைந்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பங்குச் சான்றிதழ் விசாரணையின் தொடக்கம் மட்டுமே. முகாமையாளரை நியமிப்பதும் நீக்குவதும் யார், காசோலையில் கையொப்பமிடுவது யார், கடன் கொடுத்தவர் யார், எந்தச் செய்தி போகலாம் எது போகக்கூடாது என்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் சொல்வது யார் என்றெல்லாம் விசாரிப்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை உங்கள் பெயராக இல்லையென்றால், பங்கேட்டில் உங்கள் பெயர் எத்தனை சதவீதத்துக்கு இருந்தும் பயனில்லை. பொறுப்பு மட்டும் உங்களுடையதாகவே நிற்கும், ஏனெனில் அறிவித்தல் பதிவிலுள்ள முகவரிக்குத்தான் வரும். பிரித்தானியாவிலும் இதுதான் நிலை. ஈரானின் பிரெஸ் ரீவியின் அனுமதிப்பத்திரம் 2012 இலும், சீனாவின் சிஜிரிஎன் அலைவரிசையினுடையது 2021 இலும் இரத்துச் செய்யப்பட்டபோது, அனுமதிப்பத்திரம் ஒருவரிடமும் நிகழ்ச்சிகள் மீதான உண்மையான அதிகாரம் வேறொருவரிடமும் இருந்ததே காரணமாகக் காட்டப்பட்டது. இலண்டனில் மைத்துனர் ஒருவர் இதே போன்ற யோசனையோடு அழைத்தால் இதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் தனியார் தொலைக்காட்சிக்கான அனுமதிப்பத்திரம் 1982 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் வருகிறது. அலைவரிசை ஒதுக்கீட்டைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பார்க்கிறது. இரண்டும் தனித்தனி விடயங்கள். ஒன்றைக் காட்டி மற்றதும் இருப்பதாகச் சொல்பவரோடு மேலே பேச வேண்டாம்.

நிரப்பப்படாத காசோலையில் கையொப்பமிடாதீர்கள். திகதியிடாத பங்கு மாற்றப் படிவத்திலும் கூடாது. அதைக் கேட்கும்போதே உங்கள் பங்குகள் உங்களுடையவை அல்ல என்பதை முதலீட்டாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். வங்கிக் கூற்றும் ஊழியர் சம்பளப் பட்டியலும் மாதந்தோறும் உங்களுக்கு வரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் விலகுங்கள். விலகல் கடிதத்தை முதலீட்டாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பணிப்பாளர் மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 20 கம்பனிப் பதிவாளரிடம் சேர்ந்ததா என்பதை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். அந்த இளைஞர் விலகி எட்டு மாதமாகிவிட்டது என்றே நம்பியிருந்தார். பதிவேட்டில் அவர் இன்னும் பணிப்பாளர்தான்.

அன்செல்மோ பான்அம்சட் என்ற தனியார் செய்மதிக் கம்பனியை 1984 இலேயே நிறுவியிருந்தார்; நிலையங்கள் போன பிறகு தன் சொந்தப் பணத்தை அதில் போட்டு, 1988 இல் முதலாவது செய்மதியை விண்ணுக்கு அனுப்பினார். அவரிடம் அதற்கு வசதி இருந்தது. கொட்டாஞ்சேனை இளைஞரிடம் இருப்பது தாயார் பெயரில் ஒரு வீடு, ஒரு முச்சக்கரவண்டி லீசிங். ஊழியர் சேமலாப நிதி நிலுவைக்கு அவர் சார்பில் விளக்கக் கடிதத்தை இந்த வாரம் அனுப்புகிறேன். தயவுசெய்து அடுத்தவராவது கையொப்பமிடுவதற்கு முன்னர் வாருங்கள்; ஆவணத்தை வாசித்துச் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் போதும், அதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.