ரேஷன் எண்ணெயை மாற்றிய தீவு

மொரீஷியஸ் என்றதும் நம் ஊரில் பலருக்கு இரண்டு செய்திகள் தெரியும். அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. இரண்டும் உண்மைதான். பாளையங்கோட்டையில் சர்க்கரை நோயாளிகளையும் ரத்த அழுத்தக்காரர்களையும் பார்த்துக் காலம் தள்ளும் எனக்கு அந்தத் தீவு நினைவுக்கு வருவது வேறொரு காரணத்தால். 1987-இல் அந்த நாட்டு அரசு மக்களின் சமையல் எண்ணெயிலேயே கை வைத்தது.

அங்கே 'ரேஷன் எண்ணெய்' என்று ஏழைகளும் நடுத்தரக் குடும்பங்களும் வாங்கிய மலிவு எண்ணெய் அதுவரை பெரும்பாலும் பாமாயில்தான். அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்ற அரசு உத்தரவிட்டது. கூடவே பள்ளிகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உணவு, உடற்பயிற்சி, புகை, மது பற்றிய பிரசாரம் நடந்தது. அந்த ஆண்டு எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பை 1992-இல் மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள். மக்களின் ரத்தத்தில் சராசரி கொழுப்பு (கொலஸ்ட்ரால்) அளவு, நம் ஆய்வகச் சீட்டில் எழுதும் கணக்கில் சொன்னால், சுமார் 213-இலிருந்து 182-க்கு இறங்கியிருந்தது. அதில் கணிசமான பங்கு எண்ணெய் மாற்றத்துக்கு உரியது என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. புகைபிடிக்கும் ஆண்கள் 58 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள்.

ஒரு நோயாளியின் கொழுப்பை 30 புள்ளி குறைக்க நான் மாத்திரை எழுதி, அவர் அதை விடாமல் விழுங்கி, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு நாடே, யாரும் மருத்துவமனைப் படி ஏறாமல், அடுப்படியில் இருந்தபடியே அந்த இறக்கத்தைக் கண்டது. பொதுக் கொள்கைக்கு இருக்கும் இந்த வலிமையை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை. நோயாளியைத் திட்டுவது எங்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

சிறிய தீவு, அதனால் முடிந்தது என்று சொல்வார்கள். மக்கள்தொகை பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம். பரப்பு ஏறக்குறைய 2,040 சதுர கிலோமீட்டர். தென்காசி பிரிந்த பிறகு மிஞ்சிய நெல்லை மாவட்டத்தைவிடச் சிறியது. ஆனால் எண்ணெய் விஷயத்தில் நாமும் அந்தத் தீவைப் போலத்தான் இருக்கிறோம். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் நம் ரேஷன் கடைகளில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பலில் வருகிற சரக்கு. எந்த எண்ணெய் வர வேண்டும் என்பதை முடிவு செய்யும் பேனா அரசின் கையில்தான் இருக்கிறது.

பாமாயிலை விஷம் என்று சொல்லும் வாட்ஸ்அப் மருத்துவர்களோடு நான் இல்லை. அதில் உறைகொழுப்பு (saturated fat) அதிகம், அவ்வளவுதான். நூறு கிராம் பாமாயிலில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதைவிடவும் குறைவு, சோயாவில் சுமார் 15 கிராம். கெட்ட கொழுப்பை ஏற்றுவது இந்த உறைகொழுப்பு. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு அது இதயத்தில் போய் நிற்கும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். பாமாயிலை நிறுத்திவிட்டு ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். விலை விழுந்து கிடக்கும்போது அந்தக் கோரிக்கையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் உறைகொழுப்பு. மருத்துவராக அந்த மனுவில் நான் கையெழுத்துப் போட முடியாது. கடலைக்கும் எள்ளுக்கும் கேட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. (மறுவீட்டுச் சொதியை யாரும் கைவிட வேண்டாம். கல்யாணத்துக்குக் கல்யாணம் குடிக்கும் தேங்காய்ப்பாலால் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. தினசரி தாளிப்பும் தினசரி வடையும்தான் என் கவலை.)

முக்கூடல் பக்கமிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பீடி சுற்றுகிறார். விடிந்ததிலிருந்து சுளகை மடியில் வைத்து, குனிந்த தலை நிமிராமல் இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்குக் கணக்கு என்பதால் எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமானத்தில் குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழும்போது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9-ஐத் தாண்டிவிட்டது, கொழுப்பு 240. என்ன எண்ணெய் என்று கேட்டேன். ரேஷன் பாமாயில் பத்து தேதி வரை வரும், அதற்குப் பிறகு கடையில் மலிவாகக் கிடைப்பது எதுவோ அது என்றார். தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று சொன்னேன். நடந்தால் பீடிக் கடைக்கு யார் கணக்குக் கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். எரிச்சலோ கேலியோ அந்தக் குரலில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மொரீஷியஸிடமும் பதில் இல்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் கொழுப்பு இறங்கியது, ரத்த அழுத்தம் ஓரளவு இறங்கியது. உடல் பருமன் ஏறியது. சர்க்கரை நோய் அசையவே இல்லை. இன்றைக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் நாடு அது. இந்திய வம்சாவளியினர் மட்டும் என்றால் பரம்பரை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்களிடமும் சீன வம்சாவளியினரிடமும் நோய் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருந்ததை 1987 கணக்கெடுப்பே காட்டியது. கரும்பு வெட்ட ஆள் சேர்த்துக் கப்பல் ஏற்றிய தீவு அது. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறினார்கள், சாப்பாட்டின் அளவு மாறவில்லை. எண்ணெயை உத்தரவு போட்டு மாற்றிவிடலாம். ஒரு மனிதர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எந்த உத்தரவும் தொடுவதில்லை. தமிழ்நாட்டில் ஏழு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. அவர்கள் சென்ற பாதையில்தான் நாமும் போய்க்கொண்டிருக்கிறோம்.

அவர்கள் அத்தோடு விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் குளிர்பானங்களுக்கு, அதில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்று பார்த்து வரி போட்டார்கள். இங்கே குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி இருக்கிறது. சர்க்கரை போட்டதற்கும் போடாததற்கும் ஒரே விகிதம். சர்க்கரையைக் குறைக்கும் நிறுவனத்துக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை.

நம்மிடம் உள்ள நல்லதையும் குறைத்துச் சொல்லக்கூடாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பஸ் ஏறி ஒரு நாள் கூலியை இழக்க முடியாத பீடித் தொழிலாளிக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு துறை 25 ரூபாய்க்கு எண்ணெய் கொடுக்கிறது, இன்னொரு துறை அதே வீட்டுக்கு மாத்திரை கொடுக்கிறது. இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு லிட்டரைத் தாண்டினால் அது எந்த எண்ணெயாக இருந்தாலும் அதிகம். ரேஷன் பாமாயிலை விட முடியாதவர்கள் மீதி ஒரு லிட்டரையாவது கடலை எண்ணெயாகவோ நல்லெண்ணெயாகவோ வாங்குங்கள். பொரித்த எண்ணெயை மறுநாள் சட்டியில் ஊற்றாதீர்கள். பீடி சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து முற்றம் வரை போய் வாருங்கள், அதற்கு மேல் உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஊராகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சாலை, தண்ணீர், தெருவிளக்கு பற்றித் தீர்மானம் போடுகிறோம், ரேஷன் எண்ணெயைப் பற்றிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாமாயிலை ஒழிக்க வேண்டும் என்று எழுத வேண்டியதில்லை, அதை நம்பி அடுப்பு மூட்டுகிற வீடுகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் பாமாயில் வேண்டுமா, அதே விலைக்கு அரை லிட்டர் கடலை எண்ணெய் வேண்டுமா என்று அட்டைதாரரே தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள் என்று கேட்கலாம். கடலை எண்ணெய்க்கு அரசு கூடுதலாகக் கொடுக்க வேண்டிய மானியம் எவ்வளவு, இதய நோய்ச் சிகிச்சைக்குக் காப்பீட்டில் இப்போது கொடுப்பது எவ்வளவு என்ற விவரத்தையும் அதே தீர்மானத்தில் கேட்டு வாங்குங்கள்.