மீட்டர் சரி என்கிறது, கியர் ஏன் மாறவில்லை?

ஆட்டோமேட்டிக் கார் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மந்தமாகிறது. எவ்வளவு மிதித்தாலும் ஒரே கியர்தான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இதை லிம்ப் மோடு என்பார்கள். கோளாறு தெரிந்ததும் கியர் பாக்ஸ் மேலும் கெடாமல் இருக்க, கம்ப்யூட்டரே வண்டியை இப்படிக் கட்டிப்போடுகிறது. உடனே கியர் பாக்ஸ் போச்சு என்று பயந்துவிட வேண்டாம். விரலளவு சொலினாய்டு ஒன்று மக்கர் செய்தாலும் இதே நிலைதான்.

சொலினாய்டு என்பது செம்புக் கம்பிச் சுருள். நடுவில் இரும்புத் தண்டு, அதற்கு ஒரு ஸ்பிரிங். மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும். நின்றால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். தண்டு நகர்ந்தால் டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கு ஒரு வழி திறக்கும் அல்லது மூடும். அந்த ஆயிலின் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்சுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? முதலில் மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து சுருளின் மின்தடையைப் பார்ப்பார்கள். டொயோட்டாவின் பல கியர் பாக்ஸ்களில், கியர் மாற்றும் சொலினாய்டுக்கு 20 டிகிரி செல்சியஸில் 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். மீட்டர் எல்லையில்லாத் தடை என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. சுழியை ஒட்டிக் காட்டினால் சுருள் ஷார்ட் ஆகியிருக்கிறது.

வெப்பநிலையைக் கவனிக்காமல் அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 13 ஓம் காட்டிய அதே சுருள், ஆயில் 100 டிகிரிக்குச் சூடானதும் ஏறக்குறைய 17 ஓம் காட்டும். அது பழுதில்லை. ஆனால் 12 வோல்ட்டில் 0.9 ஆம்பியராக இருந்த மின்னோட்டம் 0.7 ஆகிவிடுகிறது, காந்தத்தின் பிடியும் தளர்கிறது. காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் அடம்பிடிக்கும் வண்டிகளுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அதனால் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

அப்புறம், மீட்டர் சுருளைப் பற்றி மட்டுமே பேசும். கிளட்ச் தேய்ந்து வரும் பொடியும் இரும்புத் துகளும் சேர்ந்து தண்டைச் சிக்கவைத்திருந்தால், ஓம் கணக்கு கச்சிதமாக இருந்தாலும் ஆயில் வழியைத் திறந்து மூடும் வால்வு அசையாது. காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடுகளே இதைப் பிரித்துச் சொல்கின்றன: பி0753 என்றால் மின்சுற்றில் கோளாறு, பி0751 என்றால் மின்சாரம் பாய்ந்தும் வேலை நடக்கவில்லை. இந்த இரண்டாவது வகைக்கு, சொலினாய்டைக் கழற்றி 12 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் வந்தாலும் விட்டுவிடக் கூடாது; ஆயில் துளையில் காற்றைச் செலுத்தி, மின்சாரம் கொடுக்கும்போதும் நிறுத்தும்போதும் வழி ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டுக்கு மட்டும் பேட்டரியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. அதன் தடை 5 ஓம் அளவுதான். 2 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து சுருள் கருகிவிடும். நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துச் சோதிப்பார்கள்.