விலைக்கு வாங்கிய கூட்டம் வாசிக்காது

எழுத்தாளர்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் சமூக ஊடகப் பக்கங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "பின்தொடர்பவர்களை எவ்வளவு சீக்கிரம் கூட்ட முடியும்?" எழுதியதை யார் படிக்கிறார்கள், படித்தவர் திரும்பி வருகிறாரா என்று கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. முதல் கேள்விக்குச் சந்தையில் உடனடி விடை இருக்கிறது. பணம் கட்டினால் எண் ஏறும். அந்த எண்ணே பிறகு எழுத்துக்கு எதிராக வேலை செய்யும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

மாடித்தோட்டம் பற்றித் தன் இணையதளத்தில் எழுதிவரும் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். கைகளில் மண் பட்டு எழுதுபவர் என்பது இரண்டு பத்திகளைப் படித்தாலே தெரியும். அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். 'வளர்ச்சித் திட்டம்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் சேர்த்துக் கொடுத்த கூட்டம் அது. ஆனால் ஃபேஸ்புக் வழியாக இணையதளத்துக்கு வந்து படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்தின் பார்வையாளர் விவரத்தைத் திறந்து, ஊர்வாரிப் பட்டியலைக் காட்டச் சொன்னேன். டாக்கா, கெய்ரோ, கராச்சி என்று போன பட்டியலில் சென்னை எங்கோ அடியில் கிடந்தது. தமிழில் தோட்டம் பற்றி எழுதுபவருக்குச் சென்னை, கோவை, மதுரை வரலாம். கொழும்பும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் துபாயும் வரலாம். கத்தரி நாற்றைப் பற்றித் தமிழில் படிக்கக் கெய்ரோவில் அத்தனை பேர் காத்திருக்க மாட்டார்கள்.

"எண் பெரிதாகத் தெரிந்தால்தானே சார், புதியவர்கள் நம்பிச் சேருவார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஃபேஸ்புக் எப்படி இயங்குகிறது என்பது தெரியாதவரை அப்படித்தான் தோன்றும்.

உங்கள் பதிவு உங்களைப் பின்தொடரும் எல்லோருடைய திரைக்கும் போவதில்லை. சராசரியாக ஒரு பக்கத்தின் பதிவு அதன் ரசிகர்களில் 16 சதவீதத்தினரைத்தான் சென்றடைகிறது என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2012-ல் சொன்னது. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் அறிவித்த மாற்றம், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளை முன்னுக்குக் கொண்டுவந்து, நிறுவனங்கள், ஊடகங்களின் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. சமூக ஊடகப் பகிர்வையே நம்பி வளர்ந்த லிட்டில் திங்ஸ் என்ற அமெரிக்க இணைய இதழ், அந்த மாற்றத்தையே காரணமாகச் சொல்லி அடுத்த மாதமே மூடப்பட்டது. யாருடைய திரையில் எதைக் காட்டுவது என்பதை முடிவு செய்ய, அவர் இதற்கு முன் உங்கள் பதிவைத் திறந்தாரா, கருத்து எழுதினாரா, யாருக்காவது அனுப்பினாரா என்பதையெல்லாம் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் ஃபேஸ்புக்கின் நிரல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கில் போலிக் கணக்குகள் வெறும் சுமை. டாக்காவில் இருக்கும் ஒரு கணக்கின் முன் உங்கள் மாவுப்பூச்சிக் கட்டுரை வந்து நின்றால் அது அசையாது. அசையாதவர்கள் பெருகப் பெருக, பதிவில் சரக்கில்லை என்று நிரல் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே சுருங்கிப்போன வாய்ப்பில் ஒரு பகுதியை இப்படி வெற்றுக் கணக்குகள் தின்றுவிட, தாம்பரத்தில் தொட்டி வைத்துக் காத்திருக்கும் உண்மையான வாசகருக்குப் பதிவு போய்ச் சேருவதில்லை.

போலிகள் எங்கிருந்து வருகின்றன? 2013-ல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, டாக்காவில் கூலிக்கு லைக் போடும் தொழிலைப் படம்பிடித்துக் காட்டியது. அங்கே உட்கார்ந்து பொத்தான் அமுக்குபவர்கள் மனிதர்கள்தான், அதுவும் மிகச் சொற்பக் கூலிக்கு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2012-ல் பிபிசியின் செய்தியாளர் ஒருவர், ஒன்றுமே விற்காத ஒரு பொய்யான ரொட்டிக் கடைக்குப் பக்கம் தொடங்கி, ஃபேஸ்புக்கிடமே முறைப்படி விளம்பரம் வாங்கினார். எகிப்து, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து லைக்குகள் கொட்டின. 2014-ல் வெரிட்டாசியம் என்ற அறிவியல் யூடியூப் சேனலை நடத்தும் டெரெக் முல்லர் தன் பக்கத்தையே ஆராய்ந்து, இலங்கை, வங்கதேசம், எகிப்து போன்ற நாடுகளிலிருந்து விளம்பரத்தால் வந்த ரசிகர்கள் எதற்குமே அசைவதில்லை என்று காட்டினார். கூலிக் கணக்குகள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண்ணில் பட்ட பக்கங்களுக்கெல்லாம் லைக் போடுகின்றன, அதனால்தான் காசு கொடுத்துக் கேட்காதவரின் பக்கத்திலும் வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பது அவருடைய வாதம். ஆகவே முறையான விளம்பரம் கொடுக்கும்போதுகூட நாட்டையும் மொழியையும் குறிப்பிடாமல் 'உலகம் முழுவதும்' என்று விட்டுவிடாதீர்கள். மலிவாகத்தான் முடியும், அந்த மலிவுதான் ஆபத்து.

காசில்லாமல் எண்ணைக் கூட்டும் வழியும் நம்மிடம் பழக்கமானதுதான். 'லைக்குக்கு லைக்' என்று குழு அமைத்து ஒருவர் பக்கத்தில் மற்றவர் லைக் போட்டுக்கொள்வது. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளின் காலத்திலேயே இதற்கு ஒத்திகை பார்த்தாகிவிட்டது. "ஓட்டுப் போட்டுவிட்டேன், என் பதிவுக்கும் வாருங்கள்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். முதல் ஆளாகக் கருத்து எழுதியவர் "வடை எனக்கே" என்று சொல்லிவிட்டு ஓடுவார். பதிவைப் படித்தாரா என்பது கேள்வியே இல்லை. அன்றைக்கே பதிவர்கள் இதை மொய் என்றுதான் சொன்னார்கள். மொய் நோட்டில் பெயர் இருக்கும், பந்தியில் ஆள் இருக்காது. திரட்டிகள் மங்கிய பிறகு இந்தப் பழக்கம் அப்படியே ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அன்று நட்பாவது மிஞ்சியது, இன்று அதுவும் சந்தேகம்.

எண்ணைப் பார்த்து மயங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தளங்களே இந்தக் கணக்குகளை அவ்வப்போது வாரிக் கொட்டுகின்றன. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் நடத்திய களையெடுப்பில் பாடகர் ஜஸ்டின் பீபரின் எண்ணிக்கை ஒரே மூச்சில் 30 லட்சத்துக்கு மேல் சரிந்தது. 2019-ன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் சுமார் 220 கோடிப் போலிக் கணக்குகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. விற்றவர்மேல் வழக்கும் வந்திருக்கிறது. போலிப் பின்தொடர்பவர்களை விற்ற டெவுமி நிறுவனம் 2019-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் மாட்டியது. மும்பைக் குற்றப்பிரிவு போலீஸார் 2020-ல் இதே வியாபாரத்துக்காக ஒருவரைக் கைது செய்தார்கள்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு கடவுச்சொல்லால் வருகிறது. 'இலவசமாக ஆயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறோம்' என்னும் செயலிகள் முதலில் கேட்பது உங்கள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும்தான். கொடுத்த பிறகு உங்கள் கணக்கே அடுத்தவருக்கு லைக் போடும் கூலிக் கணக்காகிவிடும். கொஞ்சம் வளர்ந்த பக்கங்களுக்கு வேறு வலை. 'காப்புரிமை மீறல், 24 மணி நேரத்துக்குள் முறையிடாவிட்டால் பக்கம் முடக்கப்படும்' என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் சின்னத்தோடு மெசஞ்சரில் செய்தி வரும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுப்பவர்கள் மறுநாள் தங்கள் பக்கத்திலேயே நுழைய முடியாமல் நிற்கிறார்கள். அப்படி வரும் செய்தியைத் தொடாமல், நீங்களாகவே ஃபேஸ்புக்கைத் திறந்து பக்கத்தின் நிலையைப் பாருங்கள். உண்மையான எச்சரிக்கையானால் அங்கே இருக்கும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டுவையுங்கள், குறுஞ்செய்தியைவிடச் செயலி வழிச் சரிபார்ப்பு நல்லது. பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

சரி, வாசகர்களை எப்படித்தான் சேர்ப்பது? மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஃபேஸ்புக் குழுக்கள் நிறையவே இருக்கின்றன. அங்கே தினமும் யாராவது ஒருவர் வாடிய இலையைப் படமெடுத்துப் போட்டு "இது என்ன நோய்?" என்று கேட்கிறார். அந்தப் பெண்மணியை அங்கே போய்ப் பதில் மட்டும் எழுதச் சொன்னேன், இணைப்பு எதையும் ஒட்ட வேண்டாம் என்றேன். செம்பருத்தியில் வெள்ளையாக அப்பியிருப்பது மாவுப்பூச்சி என்றும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும் என்றும் எழுதினார். எறும்பை முதலில் விரட்டாவிட்டால் பூச்சி திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த எறும்பு வரிக்குத்தான் கேள்விகள் குவிந்தன. "விவரமாக எழுதியிருக்கிறீர்களா அக்கா?" என்று அவர்களே கேட்டபோது இணைப்பைக் கொடுத்தார். இப்படிக் கேட்டு வாங்கிய இணைப்பைத் திறந்தவர்கள் கட்டுரையைக் கடைசிவரை படித்தார்கள்.

இணைப்பு போகும்போது கூடவே தோன்றும் படத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1200-க்கு 630 புள்ளிகள் என்ற அளவில் தெளிவான ஒரு படத்தைக் கட்டுரைக்கென்று அமைத்துவிட்டால் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் அது ஒழுங்காக விழும். படத்தை மாற்றிய பிறகும் பழையதே வருகிறது என்று புலம்புபவர்கள், ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் என்ற கருவியில் முகவரியைக் கொடுத்துப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்.

அளப்பதற்குப் பக்கத்தின் எண் உதவாது. இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் ஃபேஸ்புக் வழியாக வந்தவர் எவ்வளவு நேரம் இருந்தார், மீண்டும் வந்தாரா என்று பாருங்கள். வாட்ஸ்அப் வழியாக வருபவர்கள் பல நேரம் 'நேரடி' என்ற கணக்கில் விழுந்துவிடுவதால், பகிரும் இணைப்பில், வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும் யூடிஎம் குறியைச் சேர்த்துக்கொள்வது அவசியம்.

வந்தவரின் மின்னஞ்சல் முகவரியையும் அவர் சம்மதத்தோடு கேட்டு வாங்குங்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, லட்சக்கணக்கில் ரசிகர்களை வைத்திருந்தவர்களுக்கு அவர்களை அழைக்க ஒரு முகவரிகூடக் கையில் இல்லை. வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலும் பயன்படும், ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். எண்ணைச் சேமித்து வைக்கும் அளவுக்கு அக்கறையுள்ள இருநூறு பேரை நான் கெய்ரோவின் இருபதாயிரத்துக்கு மேலாகவே மதிக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சில நூறு போலிகள் என்றால் ஒவ்வொன்றாக நீக்கலாம், பொறுமை வேண்டும். பல்லாயிரம் என்றால் புதுப் பக்கம் தொடங்குவதே மேல். மாடித்தோட்டக்காரர் அப்படித்தான் செய்தார். மனம் வரவில்லை, அவ்வளவு பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சுழியத்திலிருந்து தொடங்க யாருக்குத்தான் வரும்? பழைய பக்கத்தின் உச்சியில் புது முகவரியைச் சொல்லும் பதிவைப் பொருத்தி வைத்தோம். அதற்கு முன் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, திட்டத்தை விற்ற நிறுவனத்தின் ஆள் ஒருவர் முழு அனுமதியோடு இன்னும் உள்ளேயே இருந்தார். அவர் நினைத்திருந்தால் உரிமையாளரையே வெளியேற்றியிருக்கலாம். முதலில் அவரை நீக்கினோம், கடவுச்சொல்லை மாற்றினோம், பிறகுதான் மற்ற வேலைகளைத் தொடங்கினோம்.