கேட்ச் ரெஸ்லிங்: இதுல கேட்ச்னா என்ன, தமிழ்ல எப்பிடி சொல்றது?

கேட்ச்னு சொன்னா நமக்கு கிரிக்கெட் தான் ஞாபகம் வரும். பந்து மேல போகுது, கீழ ஒருத்தன் கைய விரிச்சுட்டு நிக்கிறான். அதனால கேட்ச் ரெஸ்லிங்னு மொத தடவ கேட்டப்போ கயித்து மேல ஏறி பறந்து வர்ற ஆள கேட்ச் பிடிக்கிற ஐட்டம் போலன்னு தான் நானும் நெனச்சேன். அது இல்ல.

இது ஒரு மல்யுத்த வகை, முழுப் பேரு 'கேட்ச் ஆஸ் கேட்ச் கேன்'. கேட்ச் ரெஸ்லிங்ங்கறது அத வெட்டி சுருக்குனது, அதனால தான் அர்த்தம் பிடிபடாம போகுது. முழுசா சொன்னா "எது கையில சிக்குதோ அத பிடி, எப்படி முடியுதோ அப்படி பிடி"ன்னு வரும். இது மல்யுத்தத்துக்குன்னு உண்டாக்குன வாக்கியமும் இல்ல, ஆளாளுக்கு கெடச்சத அள்ளிக்கிட்டு போற எடத்துல சொல்ற வழக்கு, இங்கிலீஷ்ல 14ம் நூற்றாண்டுலயே இந்த மாதிரி சொல்லியிருக்காங்க. கேட்ச்ங்கற சொல்லு பழைய நார்மன் பிரெஞ்சுல இருந்து வந்தது, அங்க அர்த்தம் வேட்டையாடுறது, தொரத்துறது. சேஸ்னு சொல்றோமே, அதுவும் இதுவும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து ரெண்டு வழியா வந்த அண்ணன் தம்பி. ரெஸ்லிங்குக்கு வேர் முறுக்குறது, திரும்பத் திரும்ப முறுக்குறது. ரிஸ்ட்னு மணிக்கட்ட சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் சொந்தம் உண்டு.

சரி, இப்படி ஒரு பேர் ஏன் தேவைப்பட்டுச்சுன்னு கேட்டா இங்கிலாந்து வடக்கு பக்கம் லங்காஷயர் போகணும். நிலக்கரி சுரங்கமும் பருத்தி மில்லும் இருந்த ஊருங்க, விகன், போல்டன் அந்த ஏரியா. அதுக்குப் பக்கத்து கம்பர்லண்ட்ல மல்லு கட்டணும்னா ரெண்டு பேரும் மொதல்லயே ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சு முதுகுக்குப் பின்னாடி கைய கோத்துக்கணும், பிடி விட்டா தோல்வி. தெற்க கார்ன்வால், டெவன் பக்கம் போனா சட்ட மாதிரி ஒரு துணிய மாட்டிக்கிட்டு அத பிடிச்சுத் தான் தூக்கிப் போடணும். கிரேக்கோ ரோமன்ங்கற இன்னொரு வகையில இடுப்புக்கு கீழ கையே வைக்கக் கூடாது (இன்னொன்னு, அது கிரேக்கமும் இல்ல ரோமும் இல்ல, 19ம் நூற்றாண்டு பிரான்ஸ்ல உருவானது, பழம்பெருமைக்கு வச்ச பேரு தான்). லங்காஷயர்காரன் மட்டும் கால பிடி, கைய பிடி, கழுத்த பிடி, தரையில விழுந்தாலும் விடாதே, ரெண்டு தோளும் மண்ணுல படுற வரைக்கும் ஆட்டம் இருக்குன்னான். அதாவது மத்தவங்க வச்சிருந்த ரூல் இங்க இல்ல, அந்த 'இல்ல'ங்கறது தான் பேராச்சு. விட்டா கொன்னுடுவாங்கன்னு எலும்ப ஒடைக்கக் கூடாது குரல்வளைய நெரிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தாங்க.

1880கள்ல எட்வின் பிப்பி, ஜோ ஆக்டன் மாதிரி லங்காஷயர் ஆளுங்க அமெரிக்கா போய் காசுக்கு ஆடுனாங்க, அங்க இது தீயா பரவிச்சு. விஸ்கான்சின்ல இவான் லூயிஸ்னு ஒருத்தர், பட்டப்பேரே 'ஸ்ட்ராங்ளர்', கழுத்த நெரிக்கிறவன்னு அர்த்தம், நெரிக்காதேன்னு ஆரம்பிச்ச ஆட்டம் எங்க வந்து நின்னுச்சு பாருங்க. அந்தக் காலத்து வழக்கம் என்னன்னா பயில்வான் மேடையில நின்னு "என் கூட 15 நிமிஷம் தாக்குப் பிடிச்சா 25 டாலர்"னு சவால் விடுவார். 1889ல சிகாகோவுல இந்த சவாலுக்கு ஐயோவாவுல இருந்து வந்த ஒரு விவசாயி வேலைக்குப் போடுற துணியோடயே ஏறிட்டார், லூயிஸும் முயற்சி பண்ணி அவர சாய்க்க முடியல. அவர் தான் மார்ட்டின் 'ஃபார்மர்' பர்ன்ஸ். 1895ல அதே லூயிஸ தோக்கடிச்சு பட்டத்தையும் வாங்கிட்டார். கழுத்து சுத்தளவு 20 இஞ்ச், கழுத்துல சுருக்கு மாட்டி 6 அடி கீழ குதிச்சு தொங்கிக்கிட்டே விசில் அடிப்பாருன்னு சொல்லுவாங்க. தயவுசெஞ்சு வீட்ல ட்ரை பண்ணாதீங்க.

1899ல பர்ன்ஸ் கூட ஒரு உள்ளூர் பையன் மோதி 11 நிமிஷம் நின்னான், தோத்தவனையே சிஷ்யனா சேத்துக்கிட்டார் மனுஷன். அந்தப் பையன் ஃபிராங்க் காட்ச். 1908 ஏப்ரல் 3, சிகாகோ டெக்ஸ்டர் பார்க், எதிர்ல ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட், எஸ்டோனியாக்காரர், 'ரஷ்ய சிங்கம்'னு பேரு, கட்டிப்பிடிச்சாருன்னா விலா எலும்பு நொறுங்கும். ஆனா கிரேக்கோ ரோமன்ல வளந்த ஒடம்பு அது, காட்ச் அவர பக்கத்துலயே விடாம சாஞ்சு தள்ளி இழுத்து ரெண்டு மணி நேரம் சோர வச்சு ஜெயிச்சுட்டார். ஒடம்புல எண்ணெய் தடவிட்டு வந்தான், நகத்தால கீறுனான்னு ஹாக்கன்ஷ்மிட் பொலம்புனார். 1911ல மறுபடி மோதுனப்போ கிட்டத்தட்ட 30,000 பேர் கூட்டம், ஹாக்கன்ஷ்மிட் முட்டிக் காயத்தோட வந்து சீக்கிரமே தோத்தார்.

நம்ம பக்கத்து கதையும் ஒன்னு உண்டு. 1910 செப்டம்பர் 10 லண்டன்ல காமா பயில்வான் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோட மோதுனது இந்த கேட்ச் ரூல்ல தான். ஸ்பிஸ்கோ தரையில குப்புறப் படுத்தவர் படுத்தவர் தான், ரெண்டரை மணி நேரத்துக்கு மேல பொரட்ட முடியல, டிரா. அடுத்த வாரம் மறு ஆட்டத்துக்கு அவர் வரவே இல்ல, பெல்ட் காமாவுக்கு.

1920கள்ல எட் லூயிஸ் (ஸ்ட்ராங்ளர்ங்கற பட்டத்த பழைய லூயிஸ் கிட்ட இருந்து எடுத்துக்கிட்டவர்), டூட்ஸ் மாண்ட் கூட்டணி ஆட்டத்த ஷோவா மாத்துச்சு, ரெண்டு மணி நேரம் தரையில படுத்துக் கெடக்குறத எத்தன நாள் டிக்கெட் வாங்கிப் பாப்பாங்க ஜனங்க? சொல்லும் அதுங்கூடவே மாறிடுச்சு. பிரெஞ்சுல இன்னைக்கும் கேட்ச்னா டிவியில வர்ற ஷோ ரெஸ்லிங் தான், ஜெர்மன்ல ஆடுறவன் பேரு கேட்சர், பெரு நாட்டுல முழு வாக்கியத்தையும் அமுக்கி கச்சஸ்கான்னு ஆக்கிட்டாங்க. நெஜ ஆட்டம் இன்னொரு பக்கமா போய் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் ஆச்சு, 1908 லண்டன் ஒலிம்பிக்ல அதுக்கு கேட்ச் ஆஸ் கேட்ச் கேன்னு தான் பேரு.

இப்போ தமிழுக்கு வருவோம். குஸ்தி, பயில்வான் ரெண்டும் பாரசீகச் சொல்லு. மல்யுத்தம் பாதி தான் தமிழ், யுத்தம் வடமொழி. மல்னா வலிமை, அதுல இருந்து மற்போர். புறநானூறுல போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லன் மார்புல ஒரு கால வச்சு இன்னொரு காலால அவன் தந்திரத்த தடுக்குறான்னு சாத்தந்தையார் பாடுறார், தரையில போட்டு அமுக்குறது நமக்கு புதுசு இல்ல. பேச்சுல மல்லுக்கட்டுறது, மல்லுக்கு நிக்கிறது இன்னும் உசுரோட இருக்கு.

சில பேர் 'பிடி மல்யுத்தம்'னு எழுதுவாங்க, எனக்கு அது ஒத்துவரல. பிடிக்காத மல்யுத்தம் எது? கேட்ச்ங்கற ஒத்தச் சொல்ல மொழிபெயர்த்தா இப்படித் தான் ஆகும், 'எதையும், எப்படியும்'ங்கறது தான் விஷயம். என் யோசனை 'எப்பிடி மற்போர்'. எ, பிடி சேந்தா எப்பிடி, அதாவது எந்தப் பிடியும். பேச்சு வழக்குல எப்படிங்கறத எப்பிடின்னு தான சொல்றோம், அதனால எந்தப் பிடியும் எப்படியும்னு ரெண்டு அர்த்தமும் ஒன்னுலயே வந்துடுது. அதுல ஹூக்னு சொல்ற மூட்டு முறுக்குற பிடிக்கு கொக்கிப்பிடின்னே வச்சுக்கலாம். காட்ச் போட்ட டோ ஹோல்ட மட்டும் 'கால்விரல் பிடி'ன்னு எழுதாதீங்க, அங்க மாட்டுறது விரல் இல்ல, கணுக்கால். பாதத்த பிடிச்சு திருகுறது அது, பாதமுறுக்குப் பிடி.