வாடகைத் தாய்: வன்னியில் பொருந்தாத ஒரு சொல்

கிளிநொச்சியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனிடம் பெரும்பாலும் வருபவை பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், காணி உறுதி. சென்ற ஆண்டு ஒரு தாய் கொண்டுவந்தது வேறு. கனடாவின் ஒன்ராறியோவில் வாழும் அவருடைய மகனும், மகனின் கணவரும், அவர்களுக்காகப் பிள்ளை சுமக்க முன்வந்த ஒரு பெண்ணும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. "தொலைபேசியில் மகன் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது, தம்பி. முழுவதையும் தமிழில் எழுதித் தாருங்கள்" என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதற்பக்கத்திலேயே பென்சிலால் 'வாடகைத் தாய்' என்று எழுதினேன். பத்திரிகைகள் எழுதுவது அதுதான், எல்லோருக்கும் விளங்குவதும் அதுதான். அம்மா அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார். "வாடகை என்றால், பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பெண்ணை யாரிடம் திருப்பிக் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, இரண்டு நாள் தாருங்கள் என்றேன்.

வாடகை என்ற சொல்லை வடமொழியின் 'பாடக' என்பதோடு தொடர்புபடுத்துவார்கள். கன்னடத்தின் பாடிகெ, இந்தியின் பாடா எல்லாம் அதே குடும்பம். பொருள் ஒன்றுதான்: ஒருவருடைய உடைமையை இன்னொருவர் காசு கொடுத்துச் சில காலம் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பது. வீடு, வான், பந்தல், கதிரை இவற்றுக்கு வாடகை. வயலுக்கு வாடகை என்று வன்னியில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலை ஒரு போகத்துக்குக் கொடுத்தால் அது குத்தகை. விளைச்சலில் பங்கு பேசினால் வாரம். களை பிடுங்க வந்த பெண்ணின் உழைப்புக்குக் கொடுப்பது கூலி. அவரை 'வாடகைக்கு எடுத்தேன்' என்று அவர் காது கேட்கச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நாள் வரம்பில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சிங்களத்தில் வீட்டுக்குக் கொடுப்பதும் குலிய, வேலைக்குக் கொடுப்பதும் குலிய. அது நம்முடைய கூலியிலிருந்து போன சொல். தமிழ் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பிரித்து வைத்திருக்கும் மொழியில், ஒன்பது மாதம் வாந்தியும் கால்வீக்கமும் தாங்கி, உயிரைப் பணயம் வைத்துப் பெறுகிற பெண்ணை வீட்டோடும் வானோடும் சேர்த்து எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் தாளில் இருந்த 'சரோகேட்' (surrogate) என்ற ஆங்கிலச் சொல்லின் கதையில் வாடகை இல்லவே இல்லை. அதன் வேர் இலத்தீனின் 'சுப்ரொகாரே'. ஒருவருடைய இடத்துக்கு இன்னொருவரைத் தெரிவு செய்வது என்று பொருள். பண்டைய உரோமில் பதவிக்காலம் முடியுமுன் ஒரு ஆட்சியாளர் இறந்தால் அவருடைய இடத்துக்கு மக்கள் வேறொருவரைத் தெரிவு செய்ததை இந்தச் சொல்லால் குறித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் நீதிமன்ற வாசல் நினைவுக்கு வந்தது. நீதவான் விடுமுறையில் போனால் வந்து அமர்பவரைப் 'பதில் நீதவான்' என்கிறோம். 'பதில் அதிபர்', 'பதில் பொலிஸ்மா அதிபர்' எல்லாம் இலங்கைத் தமிழில் அன்றாடச் சொற்கள். இந்தப் பதிலும் அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்தது, மாற்று என்பதே அதன் மூலப்பொருள். ஆகவே 'பதில்தாய்' அல்லது 'பதிலித் தாய்' என்பதே நேர்ப்பெயர்ப்பு. கருப்பை நோயால் சுமக்க முடியாத ஒரு மனைவிக்காக வேறொரு பெண் சுமக்கும்போது அது அழகாகப் பொருந்தும்.

ஆனால் என் மேசையில் இருந்த தாளில் இரண்டு ஆண்கள். அங்கே வெறுமையாகக் கிடக்கும் தாயின் கதிரை ஒன்றுமில்லை. யாருக்குப் பதிலாக அந்தப் பெண் வருகிறார்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. 1978 ஜூலையில் உடலுக்கு வெளியே கருக்கட்டிய முதற்குழந்தை இங்கிலாந்தில் பிறக்கும்வரை, சுமப்பவரின் கருமுட்டையே பிள்ளையின் கருமுட்டை. இப்போது இரண்டும் பிரிந்துவிட்டன. இவர்களுடைய உடன்படிக்கையில் கருமுட்டை தந்தவர் ஒரு பெண், சுமப்பவர் வேறொரு பெண். இவர்களில் எவரைத் தாய் என்று எழுதுவது? சுமக்கும் பெண்ணே அந்தத் தாளின் ஓரிடத்தில், தான் இந்தப் பிள்ளைக்குத் தாய் அல்ல என்று தெளிவாகச் சொல்லிக் கையொப்பம் இட்டிருக்கிறார். அவர் மறுத்த பெயரை நான் அவர்மேல் ஒட்டலாமா?

தமிழுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. சங்கப்பாடல்களில் நற்றாய் ஒருத்தி, செவிலித்தாய் ஒருத்தி. பழைய அகராதிகள் பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என ஐவரைச் சொல்கின்றன. புறநானூற்றில் பொன்முடியாரின் 'ஈன்று புறந்தருதல்' என்ற தொடரில் ஈனுவது ஒரு வேலை, வளர்ப்பது இன்னொரு வேலை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அக்காளின் பிள்ளையை ஒரு தங்கை எப்படி அழைக்கிறாள்? பெறாமகன், பெறாமகள். நான் பெறவில்லை, ஆனாலும் என் பிள்ளை. 2009க்குப் பிறகு இந்த மண்ணில் எத்தனை சின்னம்மாக்களும் அம்மம்மாக்களும் பெறாத பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கினார்கள் என்பதை வன்னியில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப் பல தாயரைச் சொல்லத் தெரிந்த நம் மொழியில், பிறருக்காகச் சுமப்பவருக்கு மட்டும் தனிச்சொல் அமையவில்லை.

பணத்தைப் பற்றிய பக்கங்களில்தான் அம்மா அதிகம் தவித்தார். "என் மகன் பிள்ளையைக் காசுக்கு வாங்குகிறானா?" என்ற கேள்வி அவருடைய தொண்டையில் பல நாளாகச் சிக்கியிருந்தது. கனடாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுமப்பதற்காக ஒரு பெண்ணுக்குப் பணம் கொடுப்பது குற்றம். ஐந்து லட்சம் டொலர் வரை தண்டம், பத்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கருமுட்டையை விலைக்கு வாங்குவதும் குற்றம். செலவை மட்டும் ஈடுசெய்யலாம். மருத்துவமனைக்குப் போய்வந்த பயணம், மருந்து, கர்ப்பகால உடுப்பு என ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளம் என்றால் மருத்துவரின் எழுத்தும் வேண்டும். மகனும் கணவரும் செலவழித்த பெருந்தொகை போனது கருக்கட்டல் நிலையத்துக்கும் சட்டத்தரணிகளுக்கும் மருந்துக்கும். நம் அலுவலகத் தமிழில் இதற்கு மிகச்சரியான சொல் இருக்கிறது: செலவு மீளளிப்பு. அதையே எழுதினேன். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் சுமப்பவருக்கே பெருந்தொகை கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது, மொத்தச் செலவு ஒரு லட்சம் டொலரைத் தாண்டுவது வழக்கம். அங்கிருந்து வரும் தாள்களில் அந்தத் தொகையை 'நட்டஈடு' என்று பெயர்க்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நட்டஈடு என்றால் வன்னியில் ஒரு வீட்டில் யாரோ இறந்திருக்கிறார்கள் அல்லது காணாமல் போயிருக்கிறார்கள். 'கொடுப்பனவு' போதும்.

தமிழகத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கில் சுமப்பதைத் தடைசெய்துவிட்டது. மருத்துவச் செலவும் விதிகள் குறிக்கும் பிற செலவுகளும் 36 மாதக் காப்புறுதியும் போக ஒன்றும் கொடுக்கக்கூடாது. வாடகை போய்விட்டது, செய்தித்தாளில் வாடகைத் தாய் மட்டும் இருக்கிறார். அந்தச் சட்டம் இரண்டு ஆண்களை ஏற்பதும் இல்லை.

அந்த இருவரை எப்படி எழுதுவது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் மனிதரைப் படுக்கையறையோடு முடித்துவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' அவருடைய மனத்தையும் சேர்த்துச் சொல்கிறது, அதுவே நல்லது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னமும் அந்த ஈர்ப்பின் தலைமேல் தொங்குகின்றன. அந்த ஈர்ப்பைக் குற்றமல்லாததாக்க அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஊர்ப் பெயரை ஏன் விட்டேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

முடிவில் நான் எடுத்துக்கொண்டது நம் ஆச்சிமார் எப்போதும் சொல்லும் வினைச்சொல். 'பத்து மாதம் சுமந்து பெற்றேன்' என்பதில் உள்ள சுமத்தல். அந்த ஏற்பாட்டுக்குக் 'கருச்சுமப்பு', அந்தப் பெண்ணுக்குக் 'கருச்சுமப்பவர்'. தன் கருமுட்டையிலேயே பிள்ளை பெற்றுக் கொடுப்பவருக்குப் 'பதிலித் தாய்' இருக்கட்டும். ஒன்ராறியோச் சட்டப்படி பிள்ளை பிறந்து ஏழு நாள் கழிந்த பிறகுதான் சுமந்தவர் எழுத்தில் சம்மதம் தர முடியும், உடன்படிக்கையைக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் அம்மாவுக்கு விளக்கினேன். "நல்லது. அவளிடம் கேட்டுத்தானே எடுக்க வேண்டும்" என்றார்.

பிள்ளை பிறந்த கிழமை அவர் மறுபடி வந்தார். கையில் ஒரு பொதி. மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த சரக்குத் தூள், பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் பத்தியக்கறிக்கு. மேலே விலாசம் எழுதித் தரச் சொன்னார். மகனின் பெயரை எழுதப் போனேன். "அவனுக்கு ஏன் சரக்கு? சுமந்தவளுக்கு என்று எழுதுங்கள், தம்பி" என்றார்.