த்ரோ இன் எடுக்கும் அணிக்கு ஒரு ஆள் குறைவு

கால்பந்தில், பந்து எதிரணிக்காரர் காலில் பட்டுப் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது, நமக்கு த்ரோ இன், அதாவது கையால் எறிந்து பந்தை உள்ளே அனுப்பலாம், கேட்டால் சாதகம் என்றுதான் சொல்வோம். மைதானத்துக்குள் தலைகளை எண்ணிப் பாருங்கள். எறிகிறவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார், ஆக உள்ளே நம்மவர்கள் பத்துப் பேர், அவர்கள் பதினொரு பேர். இரண்டு கீப்பர்களையும் கழித்தால் ஒன்பதுக்குப் பத்து. போதாததற்கு எறிகிறவருக்குப் பின்பக்கம் மைதானமே கிடையாது, முன்னால் இருக்கிற அரைவட்டம்தான், அதிலும் கை எட்டுகிற தூரத்தை மட்டும் அடைத்தால் எதிரணிக்குப் போதும். பந்து வந்து சேர்வதும் காற்றில், முழங்காலுக்கோ நெஞ்சுக்கோ. வாங்குகிறவர் பெரும்பாலும் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார், முதுகில் ஒரு டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டிருப்பார். இவ்வளவும் சேர்ந்துதான் நல்ல அணிகள்கூட த்ரோ எடுத்த மூன்றாவது நொடியில் பந்தைப் பறிகொடுக்கின்றன.

ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து நாற்பதுக்கு மேல் த்ரோ இன் வரும், மூலையிலிருந்து உதைக்கிற கார்னர் சுமார் பத்துதான். ஆனால் பல காலமாகப் பயிற்சி மொத்தமும் கார்னருக்குத்தான். 2018-ல் லிவர்பூல் மேலாளர் யூர்கன் க்ளாப், டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் க்ரோனமார்க் என்பவரை த்ரோ இன்னுக்கென்றே பயிற்சியாளராக வைத்தபோது சிரித்தவர்கள் நிறைய. நெருக்கடியில் எடுக்கும் த்ரோக்களில் பந்தைத் தக்கவைப்பது அந்த அணிக்கு 45 சதவீதம் இருந்தது, ஒரே சீசனில் 68-ஐத் தொட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி எறிகிற விஷயமே இல்லை, உள்ளே நிற்கிற மற்றவர்கள் ஓடுகிற விஷயம். ஒருவர் பந்து கேட்கிற மாதிரி எறிகிறவரை நோக்கி ஓடிவருகிறார், அவரைக் காவல் காக்கிற டிஃபெண்டரும் கூடவே வருகிறார், இருவரும் காலி செய்த இடத்துக்குள் இன்னொருவர் குறுக்கே நுழைகிறார், அதே நேரம் மூன்றாமவர் கோட்டோரமாக மேலே ஓடுகிறார், பந்து யாருக்குப் போகும் என்று எதிரணிக்குத் தெரியாத அந்த ஒன்றிரண்டு நொடிதான் சரக்கு. சரி, பந்து போய்ச் சேர்ந்துவிட்டது, அடுத்து? எறிந்தவரை யாரும் காவல் காக்கவில்லை! அவர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் ஆளில்லாமல் நிற்கிற ஒரே ஆட்டக்காரர் அவர்தான். முதல் தொடுகையிலேயே அவருக்குத் திருப்பிவிட்டால், குறைந்திருந்த ஆள் கணக்கு அந்த நொடியில் சரியாகிவிடுகிறது. அடுத்த ஆட்டத்தில் இதை மட்டும் கவனியுங்கள், எத்தனை அணிகள் இதைக்கூடச் செய்வதில்லை என்று தெரியும்.

விதியும் ஒரு சலுகை வைத்திருக்கிறது. 1920-லிருந்து த்ரோ இன்னை நேரடியாக வாங்குகிறவருக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணியின் டிஃபெண்டர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கினால் தவறு என்கிற விதி, கிடையாது. ஸ்ட்ரைக்கர் கடைசி டிஃபெண்டருக்குப் பின்னால் போய் நிற்கலாம், கோட்டு நடுவர் கொடி தூக்க முடியாது, யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டும், அதனால் நடுவில் இடம் பிறக்கிறது. பந்தே போகாவிட்டாலும் லாபம்.

இனி நீள எறி. 68 மீட்டர் அகல மைதானத்தில் பக்கக் கோட்டிலிருந்து பக்கத்து கோல் கம்பம் சுமார் 30 மீட்டர். அங்கே பந்தைக் கொண்டுபோக எந்தக் கோணத்தில் எறிய வேண்டும்? பள்ளிக்கூட இயற்பியல் 45 டிகிரி என்று சொல்லும். உண்மையில் சிறந்த கோணம் 30-ஐ ஒட்டித்தான் வருகிறது, ஏனென்றால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் எறியும்போது உடம்பு முன்னோக்கித் தருகிற வேகத்தை மேல்நோக்கித் தர முடியாது. கோணம் கூடக்கூட கைவிடும் வேகம் குறைகிறது. விரல்களால் பின்சுழற்சி கொடுத்தால், பந்து காற்றைக் கீழே தள்ளி, அந்த எதிர்விசையில் இன்னும் கொஞ்சம் மிதக்கும். பந்து ஈரமாக இருந்தால் விரல் வழுக்கும், சுழற்சியும் போகும், வேகமும் போகும், துண்டு வைத்துத் துடைக்கிறார்களே, நேரம் கடத்த மட்டும் இல்லை.

இந்தக் கலையின் பெரிய பெயர் இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி அணிக்கு ஆடிய ரோரி டெலாப், சிறுவயதில் ஈட்டி எறிந்தவர். அவர் எறிந்த பந்து வளைந்து ஏறி இறங்கவில்லை, தட்டையாக, சீறிக்கொண்டு கோலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக்குள் வந்தது. 2008-ல் ஹல் சிட்டி கீப்பர் போவாஸ் மைஹில், பக்கக் கோட்டுக்கு வெளியே அடித்தால் டெலாப் எறிவார் என்று, பந்தைக் கோல் கோட்டுக்கு வெளியே அடித்து கார்னர் கொடுத்தார். தெரிந்தே கார்னர்!

ஆனால் கையால் எறிகிற பந்து உதைக்கிற பந்தைவிட மெதுவாகத்தான் வரும், நேராகத் தலையால் முட்டி கோல் அடிக்க அதில் போதிய வேகம் இருக்காது. அதனால் முதல் ஆள் கோல் அடிக்கப் பார்ப்பதில்லை, லேசாகத் தட்டிப் பின்னால் தள்ளிவிடுகிறார். 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்து இங்கிலாந்துக்குச் செய்தது இதுதான்: குன்னர்சன் எறிந்தார், அர்னசன் தலையால் தட்டிவிட்டார், சிகுர்ட்சன் உள்ளே தள்ளினார். இங்கிலாந்து நான்காவது நிமிடத்தில் போட்ட கோல் ஆறாவது நிமிடத்தில் சமனாகிவிட்டது, கடைசியில் 2-1 என்று தோற்று ஊர் திரும்பினார்கள். இதில் ஆபத்தும் உண்டு, உயரமான டிஃபெண்டர்கள் எல்லோரும் பெட்டிக்குள் போய்விடுவதால் பந்து பறிபோனால் பின்பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும்.

முன்னாள் ஆர்சனல் மேலாளர் ஆர்சன் வெங்கர் கையெறிக்குப் பதிலாக உதைத்து உள்ளே அனுப்பலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். 1993-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் சோதித்தும் பார்த்தார்கள். எனக்கு இதில் இஷ்டமில்லை. உதைக்க விட்டால் பாதி மைதானத்திலிருந்தே பந்து பெட்டிக்குள் போய்விடும், கோட்டோரம் நெருக்குகிற வேலையும் அதிலிருந்து தப்புகிற வேலையும் இரண்டுமே இல்லாமல் போகும்.